சுவரில் ஒட்டிய சமன்பாடுகளும் மாங்குளம் சந்தியும்

தங்கச்சி, நீர் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம். பொது இரசாயனத்தில் கட்டாயம் தெரிய வேண்டிய சமன்பாடுகளும் கருத்துகளும் எவை என்று கேட்கிறீர். நாற்பதுக்கு மேல் எழுதிச் சுவரில் ஒட்டியாயிற்று, பாடமும் ஆயிற்று, ஆனால் கணக்கைக் கண்டவுடன் எதைப் போடுவதென்று தெரியவில்லை என்கிறீர். ஊர் தருமபுரம் என்றும் போட்டிருக்கிறீர். நானும் பக்கத்து ஆள்தான், கிளிநொச்சிப் பக்கம் பல வருடமாக இந்தப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நான் உயர்தரம் எழுதியது குப்பி விளக்கில். ஆய்வுகூடம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, நியமிப்பை (செறிவு தெரிந்த கரைசலை அளந்து விட்டு மற்றதன் செறிவைக் காண்பதை) மனதுக்குள்ளேயே செய்து பார்த்தோம். அதனால் சுவரில் ஒட்டிப் படிக்கிற வருத்தம் எனக்கும் தெரியும்.

என் கணிப்பில் உமக்குக் குறைவது சமன்பாடு இல்லை. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் கீழே இருக்க வேண்டிய இரண்டு வரிகள்தான் குறைகின்றன. ஒன்று, இது எப்போது செல்லும். மற்றது, எந்த அலகில் செல்லும். சுவரில் இருப்பதைக் கழற்ற வேண்டாம். சிவப்புப் பேனையால் அந்த இரண்டு வரிகளையும் ஒவ்வொன்றின் கீழும் எழுதிக்கொண்டு வாரும். கீழே நான் சமன்பாடுகளைச் சொல்லிலேயே எழுதுகிறேன், குறியீடுகள் ஏற்கனவே உம்முடைய சுவரில் இருக்கின்றன.

மூலில் இருந்து தொடங்குவோம். மூல், அதாவது 6.022 × 10²³ துகள் கொண்ட அளவு, ஒரு மாங்குளம் சந்தி. துணுக்காயில் இருந்து முல்லைத்தீவுக்குப் போனாலும், வவுனியாவில் இருந்து மல்லாவிக்குப் போனாலும் மாங்குளத்தில்தான் திரும்ப வேண்டும். அந்தச் சந்திக்கு நாலு வீதி வருகிற மாதிரி மூலுக்கும் நாலு வழி உண்டு. திணிவு தந்தால் திணிவு ÷ மூலர்த்திணிவு. கரைசல் தந்தால் செறிவு × கனவளவு. வாயு தந்தால் அமுக்கம் × கனவளவு, அதை வாயு மாறிலி × தனிவெப்பநிலையால் பிரிக்க வேண்டும். மின்னோட்டமும் நேரமும் தந்தால் அவற்றின் பெருக்கத்தைப் பரடே மாறிலியால் பிரித்து இலத்திரன்களின் மூலை எடுக்க வேண்டும். துகள் எண்ணிக்கை கேட்டால் மட்டும் சந்தியில் நின்றபடியே 6.022 × 10²³ ஆல் பெருக்கலாம். எந்த வீதியால் வந்தாலும் சந்தியில் சமப்படுத்திய சமன்பாட்டின் விகிதத்தைப் பார்த்து, வேண்டிய வீதியில் திரும்ப வேண்டும். வினாத்தாளின் பகுதி இரண்டில் வரும் பீசமானக் கணக்குகளில் (எவ்வளவோடு எவ்வளவு தாக்கமுறும் என்ற கணக்குகளில்) பெரும்பாலானவை இவ்வளவுதான்.

யூரியாவை எடுத்துப் பாரும். மூலர்த்திணிவு 60 கிராம், அதற்குள் நைதரசன் 28 கிராம். 28 ஐ 60 ஆல் பிரித்தால் 46.7 வீதம். வயலுக்குப் போகிற 50 கிலோ பையில் 46 வீதம் நைதரசன் என்று அச்சடித்திருப்பது இந்தக் கணக்குத்தான். பைக்கு ஏறத்தாழ 23 கிலோ நைதரசன். அப்பாவிடம் சொல்லிப் பாரும், இரசாயனவியல் படிப்பதில் ஏதோ பிரயோசனம் இருக்கிறது என்று நம்புவார்.

மாணவர்கள் சந்தியைத் தவிர்த்துக் குறுக்குப் பாதையால் போய் விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. முதற் செறிவு × முதற் கனவளவு = இரண்டாம் செறிவு × இரண்டாம் கனவளவு என்ற சமன்பாடு. இது ஐதாக்கலுக்கு மட்டும் உரியது. தண்ணீர் விட்டால் கரைந்திருக்கிற பொருளின் மூல் மாறாது, அதனால் இரண்டு பக்கமும் சமன். இதையே நியமிப்பிலும் போடுகிறார்கள், விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்றால் தற்செயலாகச் சரியும் வருகிறது, அதனால் துணிவும் வந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் சோடியம் காபனேற்று வருகிறது. குழாயியால் 25.00 கன சென்ரிமீற்றர் சோடியம் காபனேற்றுக் கரைசலை எடுக்கிறீர். அளவியில் (பியூரெட்டில்) லீற்றருக்கு 0.10 மூல் ஐதரோகுளோரிக்கமிலம். காட்டி மெதைல் செம்மஞ்சள். 20.00 கன சென்ரிமீற்றரில் நிறம் மாறுகிறது. அமிலத்தின் மூல் 0.0020. ஒரு காபனேற்றுக்கு இரண்டு அமிலம் வேண்டும், ஆகவே காபனேற்று 0.0010 மூல். 25.00 கன சென்ரிமீற்றருக்குள் அது இருந்தால் செறிவு லீற்றருக்கு 0.040 மூல். குறுக்குப் பாதைக்காரருக்கு 0.080 வரும். அந்த 0.080 பல்தேர்வு விடைகளுக்குள் உமக்காகவே காத்திருக்கும்.

அதே நியமிப்பில் காட்டியைப் பினோத்தலினாக மாற்றினால் நிறம் போவது 10.00 இல். அந்தப் புள்ளியில் காபனேற்று இருகாபனேற்று ஆகிறது, பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. காட்டியின் பெயரைப் பார்க்காமல் கணக்கைத் தொடாதேயும்.

அடுத்தது அலகு. ஏ-9 இல் போகிற சாரதிகள் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்பாட்டாமல் போவது அரிது. கணக்கில் எண்ணைப் பிரதியிட முன்னர் அந்த மாதிரி ஒரு தரிப்பு வேண்டும். வாயு மாறிலி 8.314 என்றால் அது யூலில் இருக்கிறது. அமுக்கம் பஸ்காலில், கனவளவு கன மீற்றரில், வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். அமுக்கம் கிலோபஸ்காலிலும் கனவளவு லீற்றரிலும் தந்திருந்தால் ஒன்றையும் மாற்ற வேண்டாம், ஆயிரத்தால் பெருக்குவதும் ஆயிரத்தால் பிரிப்பதும் வெட்டுப்பட்டுப் போகும். 27 பாகை செல்சியசு அடிக்கடி வரும், அது 300 கெல்வின். 8.314 ஐ 300 ஆல் பெருக்கினால் 2494. மண்டபத்துக்குள் கணிப்பான் விடமாட்டார்கள் அல்லவா, அதனால் இதை 2500 என்று மனதில் வைத்தால் விடையின் பருமனைச் சரிபார்க்க உதவும்.

சமன்பாடு எப்போது செல்லாது என்பதற்கு வீட்டுக் குசினியிலேயே உதாரணம் இருக்கிறது. 12.5 கிலோ சமையல் வாயு உருளை. உள்ளே இருப்பது முழுக்கப் பியூட்டேன், உருளையின் கொள்ளளவு 30 லீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மூலர்த்திணிவு 58, ஆகவே ஏறத்தாழ 215 மூல். இலட்சிய வாயுச் சமன்பாட்டில் போட்டால் 27 பாகையில் அமுக்கம் 180 வளிமண்டலத்துக்குக் கிட்ட வரும். அப்படி ஒரு குண்டை யாரும் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கமாட்டார்கள். உண்மையில் சில வளிமண்டலங்கள்தான், ஏனென்றால் உள்ளே பெரும்பகுதி திரவம், மேலே அதன் நிரம்பலாவி. உருளையை ஆட்டினால் சளசளவென்று கேட்கிறதே, அந்தச் சத்தம்தான் இலட்சிய வாயுச் சமன்பாடு இங்கே செல்லாது என்பதற்குச் சாட்சி. தாழ்ந்த அமுக்கம், உயர்ந்த வெப்பநிலை என்று சிவப்புப் பேனையால் அதன் கீழே எழுதும். பகுதியமுக்கத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: தண்ணீருக்கு மேலாகச் சேர்த்த வாயு என்று வந்தால் நீராவியின் அமுக்கத்தைக் கழிக்க மறக்கவேண்டாம்.

வெப்ப இரசாயனத்துக்கு வருவோம். வெப்பம் = திணிவு × தன்வெப்பக் கொள்ளளவு × வெப்பநிலை மாற்றம். இதில் திணிவு என்பது சூடாகிற முழுக் கரைசலின் திணிவு. 50 கன சென்ரிமீற்றர் அமிலமும் 50 கன சென்ரிமீற்றர் காரமும் கலந்தால் 100 கிராம், 50 இல்லை. வெப்பநிலை மாற்றத்துக்கு 273 கூட்டுகிறவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது என் வகுப்பில் இருப்பார்கள். வித்தியாசம் 7 பாகை செல்சியசு என்றால் அது 7 கெல்வின்தான்.

இங்கே குழம்புகிற சோடி ஒன்று உண்டு. தோன்றல் வெப்பவுள்ளுறை (மூலகங்களில் இருந்து ஒரு மூல் சேர்வை உண்டாகும்போது வரும் வெப்ப மாற்றம்) தந்தால் விளைவுகளின் கூட்டுத்தொகையில் இருந்து தாக்கிகளின் கூட்டுத்தொகையைக் கழிக்க வேண்டும். பிணைப்பு வெப்பவுள்ளுறை தந்தால் தலைகீழ், தாக்கிகளில் இருந்து விளைவுகளைக் கழிக்க வேண்டும். பாடமாக்காமல் காரணத்தைப் பிடியும்: பிணைப்பை உடைக்கச் சக்தி கொடுக்கிறோம், அது நேர். உடைபடுகிறவை தாக்கிகளில் இருக்கின்றன. அப்புறம் குழப்பம் வராது. பிணைப்பு வெப்பவுள்ளுறை எல்லாம் வாயு நிலைக்கு உரியவை என்பதையும் கீழே எழுதிவிடும்.

கிப்சு சக்தி மாற்றம் = வெப்பவுள்ளுறை மாற்றம் − (தனிவெப்பநிலை × எந்திரப்பி மாற்றம்). சுண்ணாம்புச் சூளையை நினைத்துக்கொள்ளும். கல்சியம் காபனேற்று உடைந்து கல்சியம் ஒட்சைட்டும் காபனீரொட்சைட்டும் வர, வெப்பவுள்ளுறை மாற்றம் மூலுக்கு ஏறத்தாழ 178 கிலோயூல், எந்திரப்பி மாற்றம் கெல்வினுக்கு ஏறத்தாழ 160 யூல். ஒன்று கிலோயூலில், மற்றது யூலில். கிப்சு சக்தி மாற்றம் மறையானால்தான் தாக்கம் தானாக நடக்கும், அது பூச்சியமாகிற வெப்பநிலையைக் காண 178,000 ஐ 160 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 1110 கெல்வின், அதாவது 840 பாகை செல்சியசு. சூளைக்கு ஏன் அவ்வளவு விறகு என்று விளங்கும். ஒரு முறை என் மாணவன் ஒருவன் 178 ஐ 160 ஆல் பிரித்து, 1.1 கெல்வினுக்கு மேலே தாக்கம் தானாக நடக்கும் என்று எழுதி, கீழே இரட்டைக் கோடும் போட்டிருந்தான். அவன் சொன்னபடி நடந்தால் வன்னியில் சுண்ணாம்பு பூசிய ஒரு சுவரும் நிற்காது.

தாக்கவீதத்தைச் சுருக்கமாகக் கடப்போம். வீதம் = வீத மாறிலி × செறிவுகளின் அடுக்குகள். அந்த அடுக்குகள் பரிசோதனையில் இருந்து வருபவை, சமன்பாட்டின் குணகங்களில் இருந்து எடுக்கக்கூடாது. முதலாம் வரிசைத் தாக்கத்தின் அரைவாழ்வு = 0.693 ÷ வீத மாறிலி, அது தொடக்கச் செறிவில் தங்கியிருக்காது. மூன்று அரைவாழ்வு போனால் எட்டில் ஒரு பங்கு மீதி. ஊக்கி இரண்டு திசையையும் விரைவுபடுத்தும், சமநிலை மாறிலியைத் தொடாது. அணு அமைப்பில் சக்தி = பிளாங்கின் மாறிலி × மீடிறன் (செக்கனுக்கு எத்தனை அலை என்பது), ஒளியின் வேகம் = மீடிறன் × அலைநீளம். இவ்வளவு போதும், மாறிலிகளை வினாத்தாளிலேயே தருவார்கள்.

சமநிலைதான் நின்று பார்க்க வேண்டிய இடம். எங்கள் பக்கக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் வன்மையானது. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தலின் அடியை ஒரு நாள் நிதானமாகப் பாரும். வெள்ளைப் படை, கரண்டியால் தட்டினால் சின்னச் சின்னத் தகடுகளாகக் கழன்று விழும். தண்ணீரில் கரைந்திருந்த கல்சியம் இருகாபனேற்று, கல்சியம் காபனேற்றாகவும் காபனீரொட்சைட்டாகவும் தண்ணீராகவும் பிரிந்ததன் மிச்சம் அது. கொதிக்க வைக்கும்போது காபனீரொட்சைட்டு ஆவியோடு வெளியே போய்விடுகிறது. விளைவு ஒன்று குறைந்தால் சமநிலை அந்தப் பக்கம் நகரும். இலச்சாட்டிலியரின் தத்துவத்தை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது. கல்சியம் சல்பேற்று, குளோரைட்டு போன்றவற்றால் வருகிற நிலையான வன்மைக்குக் கொதிக்க வைப்பது மருந்து ஆகாது, அங்கே வெளியே ஓட ஒரு வாயு இல்லை.

இதிலேயே இன்னொரு பாடமும் உண்டு. சமநிலைக் கோவை எழுதும்போது அந்த வெள்ளைப் படை கோவைக்குள் வராது. திண்மத்தின் செறிவு மாறாது, ஒரு கரண்டி படை இருந்தாலும் ஒரு வாளி இருந்தாலும் ஒன்றுதான். கரைப்பானாக இருக்கிற தண்ணீரும் அப்படியே. சமநிலை மாறிலியின் பெறுமானத்தை மாற்றக்கூடியது வெப்பநிலை மட்டும். அமுக்கமும் செறிவும் சமநிலையின் தானத்தை நகர்த்தலாம், மாறிலியை அசைக்கமாட்டா. அமுக்கத்தில் எழுதிய மாறிலியைச் செறிவில் எழுதிய மாறிலியில் இருந்து எடுக்க, வாயு மாறிலி × வெப்பநிலை என்பதை வாயு மூல்களின் வித்தியாசத்துக்கு அடுக்கேற்றிப் பெருக்க வேண்டும். அமோனியாத் தயாரிப்பில் இடப்பக்கம் 4 வாயு மூல், வலப்பக்கம் 2, ஆகவே அடுக்கு −2. வித்தியாசம் எடுக்கும்போது வாயுக்களை மட்டும் எண்ணும்.

கேத்தலைக் கழுவ அம்மா வினாகிரி விடுவார். 5 கிராம் படை என்றால் 0.05 மூல். ஒன்றுக்கு இரண்டு அசற்றிக்கமிலம், ஆகவே 0.10 மூல், அதாவது 6 கிராம். வினாகிரியில் 5 வீதம் அமிலம் என்றால் 120 கிராம் வினாகிரி வேண்டும். அரைத் தேத்தண்ணிக் கோப்பை மட்டும் விட்டுவிட்டு "இன்னும் போகவில்லையே" என்று உரசுகிறவர், எல்லைப்படுத்தும் தாக்கி (முதலில் தீர்ந்துபோகிற தாக்கி) எது என்று பார்க்காதவர்.

அதே அசற்றிக்கமிலத்தை அமில-காரத்துக்கும் வைத்துக்கொள்வோம். மென்னமிலத்தில் ஐதரசன் அயன் செறிவு = அமில மாறிலி × அமிலச் செறிவு என்பதன் வர்க்கமூலம். அமில மாறிலி 1.8 × 10⁻⁵, செறிவு லீற்றருக்கு 0.10 மூல் என்றால் 1.34 × 10⁻³, பீஎச் 2.87. இந்தச் சமன்பாட்டுக்குள் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது: பிரிகையடைகிற அளவு மிகச் சிறிது, அதனால் தொடக்கச் செறிவில் இருந்து கழிக்கவில்லை. விடை எழுதும்போது அந்த எடுகோளை ஒரு வரியில் குறிப்பிடும். வன்னமிலத்துக்கு இதைப் போட்டால் கதை முடிந்தது. தாங்கற்கரைசலுக்கு (மென்னமிலமும் அதன் உப்பும் சேர்ந்த, பீஎச் இலேசில் மாறாத கரைசலுக்கு), அமில மாறிலியின் மறை மடக்கையோடு, உப்பின் செறிவை அமிலத்தின் செறிவால் பிரித்து வருவதன் மடக்கையைக் கூட்ட வேண்டும். இரண்டும் சமன் என்றால் மடக்கை பூச்சியம், பீஎச் 4.74. கணிப்பான் இல்லாத மண்டபத்தில் இரண்டின் மடக்கை 0.30, மூன்றின் மடக்கை 0.48 என்ற இரண்டு எண்கள் பல இடங்களில் கை கொடுக்கும்.

பல்தேர்வில் பழைய பொறி ஒன்று: லீற்றருக்கு 10⁻⁸ மூல் ஐதரோகுளோரிக்கமிலத்தின் பீஎச் என்ன? 8 என்று கை தானாக எழுதும். அமிலம் எப்படிக் காரமாகும்? தண்ணீரே 10⁻⁷ அளவில் ஐதரசன் அயன் தருகிறது, அதையும் சேர்த்தால் 7 க்குச் சற்றுக் குறைவு, 6.98. நடுநிலை என்றால் 7 என்பதும் 25 பாகைக்கு மட்டும் உரியது. 60 பாகையில் தூய தண்ணீரின் பீஎச் ஏறத்தாழ 6.5, ஆனாலும் அது நடுநிலைதான்.

கரைதிறன் பெருக்கத்துக்கு (நிரம்பிய கரைசலில் உப்பின் அயன் செறிவுகளைப் பெருக்கி வரும் மாறிலிக்கு) வவுனியாக் கிணற்றை எடுப்போம். வறண்ட வலயத்துத் தண்ணீரில் புளோரைட்டுக் கூடினால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும் என்பது உமக்குத் தெரிந்த விடயம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். கல்சியம் புளோரைட்டு அரிதிற் கரையும் உப்பு, அதன் கரைதிறன் பெருக்கத்தை 4 × 10⁻¹¹ என்று எடுப்போம். ஒரு கல்சியம், இரண்டு புளோரைட்டு. புளோரைட்டின் செறிவு கரைதிறனின் இரு மடங்கு, அதை வர்க்கிக்கவும் வேண்டும், ஆகவே கரைதிறனின் கனத்தை 4 ஆல் பெருக்கினால் கரைதிறன் பெருக்கம். கனம் 10⁻¹¹. அதை 10 × 10⁻¹² என்று எழுதினால் கனமூலம் 2.15 × 10⁻⁴. புளோரைட்டு 4.3 × 10⁻⁴ மூல், 19 ஆல் பெருக்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம். "கரையாது" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற உப்பே வழிகாட்டல் அளவின் ஐந்து மடங்கைத் தரக்கூடியது. தண்ணீரில் வேறு வழியால் கல்சியம் கூட இருந்தால் பொது அயன் விளைவால் இது குறையும். எவ்வளவு குறையும் என்று, கல்சியம் லீற்றருக்கு 0.001 மூல் என வைத்து நீரே செய்து பாரும். 4 மில்லிகிராமுக்குச் சற்றுக் கீழே வர வேண்டும்.

கடைசியாக மின்னிரசாயனம். கலத்தின் மின்னியக்க விசை = கதோட்டின் நியம அழுத்தம் − அனோட்டின் நியம அழுத்தம். நாகம் −0.76, செம்பு +0.34, விடை 1.10 வோற்று. அரைத்தாக்கத்தை இரண்டால் பெருக்கினாலும் அழுத்தத்தை இரண்டால் பெருக்கக்கூடாது.

மின்பகுப்புக்கு நீர் அடிக்கடி கடந்து போகிற இடமே உதாரணம். போருக்கு முன் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்னைப் பாய்ச்சிக் குளோரீனும் சோடியம் ஐதரொட்சைட்டும் எடுத்தார்கள். ஊரில் அதைக் காஸ்ரிக் சோடா என்பார்கள். அனோட்டில் குளோரைட்டு அயன்கள் இலத்திரனை விட்டுக் குளோரீன் ஆகின்றன. கதோட்டில் தண்ணீர் தாழ்த்தப்பட்டு ஐதரசனும் ஐதரொட்சைட்டும் வருகின்றன. சோடியம் அங்கே உலோகமாகாது, கரைசலிலேயே அயனாக நின்றுவிடும். உருக்கிய உப்பு என்றால்தான் சோடியம் வரும். வினாவில் "நீர்க்கரைசல்" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போடும்.

ஒரு கிலோ குளோரீன் எடுக்க எவ்வளவு நேரம்? 1000 ஐ 71 ஆல் பிரித்தால் 14.1 மூல். ஒன்றுக்கு இரண்டு இலத்திரன், ஆகவே 28.2 மூல் இலத்திரன். 96,500 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 27 இலட்சம் கூலோம். 100 அம்பியர் ஓடினால் 27,000 செக்கனுக்குச் சற்று மேல், ஏழரை மணித்தியாலம். அதே நேரத்தில் மறுபக்கம் எத்தனை கிலோ சோடியம் ஐதரொட்சைட்டு வந்திருக்கும்? சந்திக்குத் திரும்பி வாரும், இலத்திரனுக்கு ஒன்று, மூலர்த்திணிவு 40. 1.13 கிலோ வராவிட்டால் செய்த தாளை எனக்கு அனுப்பும், எந்த வீதியில் பிழைத்தது என்று பார்க்கிறேன்.